பழைய டர்போ டீசல் கார் திணறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பழைய டீசல் கார்களை ஸ்கேன் செய்து பழுது கண்டுபிடித்துத் தருவது என் தொழில். "வண்டி இழுக்கவில்லை" என்று வருபவர்களில் பலருடைய கையில், டர்போவை (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலியை) மாற்றச் சொல்லி வேறு யாரோ எழுதிக்கொடுத்த மதிப்பீட்டுத் தாள் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

இங்கே நான் மனதில் வைத்துப் பேசுவது, ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் என்ஜினை. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்டோ, லீனியா என்று நம் சாலைகளில் ஓடும் எத்தனையோ டீசல் கார்களுக்குள் இருப்பது இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை மாசு விதிகள் வந்தபோது மாருதி இதை நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்று ஓடுவது எல்லாமே பழைய வண்டிதான். மற்ற காமன்ரெயில் (எல்லா சிலிண்டருக்குமான டீசலை ஒரே பொதுக் குழாயில் அழுத்தத்தோடு தேக்கித் தரும்) டீசல் கார்களுக்கும் இந்தப் பதில்கள் பெரும்பாலும் பொருந்தும்.

சார், இழுக்கவில்லை என்று சொன்னால் போதாதா? எப்போது, எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் என்று ஏன் இத்தனை கேள்வி கேட்கிறீர்கள்?

போதாது. மிதித்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டுப் போவது ஒரு ரகம். போகிற போக்கில் வெட்டி வெட்டி இழுப்பது இன்னொரு ரகம். குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மறுப்பது மூன்றாவது. காலையில் மட்டும் அடம்பிடித்து, சூடானதும் சரியாகிவிடுவது நான்காவது. எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் பெயர் ஒன்றுதான். காரணங்கள் வேறு வேறு.

என்ஜினுக்குக் காற்று போதவில்லையா, டீசல் போதவில்லையா, அல்லது இரண்டும் இருந்தும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கொடுக்க மறுக்கிறதா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. "எப்போது" என்பதற்கு நீங்கள் தரும் பதிலிலேயே இதில் பாதி தெரிந்துவிடும். பின்னால் வருபவரிடம் புகையின் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். திணறும் நேரத்தில் கறுப்புப் புகை தள்ளினால் டீசல் இருக்கிறது, காற்று இல்லை. புகையே இல்லாமல் வெறுமனே சோர்ந்தால் டீசல் வரவில்லை, அல்லது கம்ப்யூட்டர் தரவில்லை.

1,500 ஆர்பிஎம்மில் மிதித்தால் ஒன்றுமே நடப்பதில்லை. 2,000 தாண்டியதும் பாய்கிறது. டர்போ போய்விட்டதா?

புதிதாக வாங்கியபோதும் இப்படித்தான் இருந்ததா? ஆம் என்றால் அது பழுதில்லை, பிறவிக் குணம். டர்போவைச் சுற்ற வைப்பது வெளியேறும் புகையின் வேகம். அந்த வேகம் வரும்வரை உங்களிடம் இருப்பது டர்போ இல்லாத 1.3 லிட்டர் டீசல்தான். மாருதியின் 75 குதிரைத்திறன் வகையில் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டர் 2,000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே திரும்பிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வளைவுக்கு வளைவு இந்தப் பள்ளத்தில் விழுவீர்கள். முதல் கியருக்கு இறங்கிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. முன்பு 1,800-இல் பிடித்த இழுவை இப்போது 2,400-இல்தான் பிடிக்கிறது என்றால், அல்லது பிடித்தும் பழைய வேகம் இல்லை என்றால், அது பழுது. தொடர்ந்து படியுங்கள்.

அதிகம் செலவு செய்யாமல் எங்கிருந்து ஆரம்பிப்பது?

காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டரை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், பெட்டிக்குக் காற்று வரும் மூக்குக் குழாயிலும் கைவிட்டுப் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் எலி அங்கே துணியும் சருகும் சேர்த்துக் குடித்தனம் நடத்தியிருக்கும். அடுத்து டர்போவிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பாகம்) வரை போகும் குழாய்கள், கிளாம்புகள். அதற்கடுத்து டீசல் ஃபில்டர்.

இந்த மூன்றையும் பார்க்காமல் யாராவது இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) என்றோ டர்போ என்றோ பேச்செடுத்தால், அவரிடம் வண்டியை விடாதீர்கள். பெட்ரோல் பங்கில் விற்கும் "இன்ஜெக்டர் கிளீனர்" பாட்டிலை டேங்கில் ஊற்றலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். கிழிந்த குழாயை எந்தப் பாட்டிலும் ஒட்டவைக்காது.

டீசல் ஃபில்டர் போன சர்வீஸில் மாற்றியதாக பில்லில் இருக்கிறதே?

பில்லில் இருக்கிறது, சரி. வண்டியில் இருக்கிறதா? புதிய ஃபில்டர் போட்டதும் அதன் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே மாற்றியிருந்தாலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, போலி ஃபில்டர். மற்றொன்று, மாற்றும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் அந்த வழியாகக் காற்று உள்ளே போவது. டேங்கிலிருந்து வரும் பாதையில் நுண்ணிய கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பம்ப் இழுக்கும் பகுதியில் காற்றுதான் உள்ளே போகும். அறிகுறி: காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் வண்டி எழும், பிறகு ஓடும்போது வெட்டும். ஃபில்டருக்கு அடுத்து ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், குமிழிகள் வரிசையாகப் போவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, கால் மணி நேரம் வைத்தும் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

டர்போ குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. ஆயில் சீல் போய்விட்டது, டர்போவை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. என்ஜினின் அடிவயிற்றிலிருந்து வரும் எண்ணெய் ஆவியை டர்போவுக்கு முன்னால் காற்றுப் பாதையில் கலந்துவிடுவது வழக்கம். அதுதான் படிகிறது. குழாயைக் கழற்றினால் எண்ணெய் குட்டையாகத் தேங்கி ஊற்றினால் மட்டும் கவலைப்படுங்கள்.

குழாயின் வெளியே ஓர் இடத்தில் மட்டும் பிசுக்கும் அதன் மேல் தூசியும் சேர்ந்து கறுப்பாக இருந்தால், அது உங்களுக்குக் கிடைத்த துப்பு. காற்று அங்கேதான் வெளியேறுகிறது. அந்த எண்ணெயே ரப்பரை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். கையால் அழுத்தினால் ஆரோக்கியமான குழாய் எதிர்த்து நிற்கும். ஊறிய குழாய் குழையும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்க வளைவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். விரல் நுனியால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகு.

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டு "சத்தம் வரவில்லை, குழாய் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். சுமை இல்லாதபோது டர்போ பெரிதாக அழுத்தம் தராது. மேட்டில், மூன்றாவது கியரில், முழுதாக மிதிக்கும்போதுதான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். அப்போது "புஸ்ஸ்" என்ற சத்தமும் கறுப்புப் புகையும் சேர்ந்து வரும். பட்டறையில் என்றால் புகையை உள்ளே செலுத்திப் பார்க்கும் கருவி இருக்கிறது, ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிடும்.

செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. அப்படியானால் சென்சார் எல்லாம் சரி என்றுதானே பொருள்?

இல்லை. சென்சார் செத்துப்போனால் விளக்கு எரியும். பொய் சொன்னால் எரியாமலும் போகலாம். வரம்புக்குள் இருக்கும் பொய்யைக் கம்ப்யூட்டர் நம்பிவிடுகிறது.

இதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினை ஓடவிடாதீர்கள். ஸ்கேனரில் மேப் சென்சார், அதாவது மேனிஃபோல்டின் அழுத்தம் அளக்கும் சென்சார், என்ன சொல்கிறது என்று பாருங்கள். என்ஜின் ஓடாதபோது உள்ளே இருப்பது வெளிக்காற்றுதான். சென்னையில் சுமார் 1,010 மில்லிபார் காட்ட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 780-ஐ ஒட்டி இருக்கும். கடற்கரை ஊரில் நின்றுகொண்டு 1,150 என்று காட்டினால், அந்தச் சென்சாரை நம்பி நடக்கும் கணக்கு எல்லாமே தப்பாகத்தான் போகும். பல நேரம் அதன் மூக்கில் கரியும் எண்ணெயும் தார் போல அப்பியிருக்கும். கழற்றிப் பக்குவமாகச் சுத்தம் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் பொய் சொன்னால் மாற்றுங்கள்.

காற்றளவு சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

சோதனைக்கு அது நல்ல வழி. பிளக்கைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் சென்சாரை மறந்துவிட்டு மனப்பாடக் கணக்குக்குப் போகிறது. அதில் வண்டி தெளிந்தால், ஃபில்டர் பெட்டிக்கு அடுத்து இருக்கும் அந்தச் சென்சார்தான் குறைவாக அளந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரும் "காற்றே இவ்வளவுதான், டீசலைக் கூட்டினால் புகையும்" என்று கையைச் சுருக்கிக்கொண்டது.

அப்படியே விடக்கூடாது. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் இஜிஆர் வால்வைக் கட்டுப்படுத்துவதும் அந்த அளவை வைத்துத்தான். முதலில் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்யுங்கள். பிரேக் கிளீனர், கம்ப்ரசர் காற்று, விரலில் சுற்றிய துணி ஆகிய மூன்றும் கூடாது. உள்ளே இருக்கும் உணரும் பகுதி மிக மெல்லியது. எண்ணெய் தடவும் ரக ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். எண்ணெயைச் சென்சாரில் பூசுவது அதுவாகவே இருக்கலாம்.

ஸ்கேனரில் பி 0299 என்று பழுதுக் குறியீடு வருகிறது. இணையத்தில் தேடினால் டர்போ என்கிறது.

பி 0299 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கேட்ட அழுத்தம் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்று அது சொல்லவில்லை. கிழிந்த குழாய், அடைத்த காற்று ஃபில்டர், திறந்தபடி சிக்கிய இஜிஆர், டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவு மூடாமல் நிற்பது, பொய் சொல்லும் மேப் சென்சார் என எல்லாவற்றுக்கும் இதே குறியீடுதான். மேலே குழாய் பற்றியும் சென்சார் பற்றியும் சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள்.

குறியீட்டை விட மதிப்பு மிக்கது, கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் பார்ப்பது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பதிவு செய்ய வேண்டும். அதே நேரத்தில் ரெயில் அழுத்தத்தையும், அதாவது டீசல் அழுத்தத்தையும், பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்ட டீசல் அழுத்தமும் வந்ததும் கைகோத்துப் போக, காற்று மட்டும் பின்தங்கினால் காற்றுப் பக்கம் தேடுங்கள். ரெயில் அழுத்தம் சரிந்தால், பி 0087 குறியீடு வந்தாலும் வராவிட்டாலும், டீசல் பக்கம் தேடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, கேட்பதே குறைவாக இருந்தால், கம்ப்யூட்டருக்கு யாரோ தப்பான தகவல் தருகிறார்கள்.

இஜிஆர் வால்வை ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன்.

நண்பனின் நோய்க்கணிப்பில் உண்மை இருக்கலாம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்புவது இஜிஆரின் வேலை. கரி சேர்ந்து அது திறந்தபடி சிக்கினால், டர்போ அழுத்திய காற்றும் அந்த வழியே தப்பும், உள்ளே போகும் காற்றும் அழுக்காகும். குறைந்த ஆர்பிஎம்மில் திணறலும் கறுப்புப் புகையும் வரும்.

வைத்தியம்தான் தவறு. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும். தகடு வைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், விதிக்கும் புறம்பு. போதாக்குறைக்குச் சில வண்டிகளில் பி 0401 குறியீட்டோடு செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உண்மையான வேறு பழுது வரும்போது அதே விளக்கு எரிந்தாலும் நீங்கள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் டீசலில் கைராசிக்காரர். ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார். செய்யச் சொல்லட்டுமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும் அந்த முறை செல்லும். அங்கே ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு டீசல்தான் வருகிறது. காமன்ரெயிலில் அப்படியில்லை. பொதுவான ரெயிலில் சும்மா ஓடும்போதே சில நூறு பார், சுமையில் 1,600 பார் வரை அழுத்தம் தேங்கி நிற்கிறது. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். காயம் குண்டூசி முனை அளவில்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி யாருக்காவது நேர்ந்தால் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அண்ணனின் காதும் கையும் வீணில்லை. அதே முடிவை ஸ்கேனரில் இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தே எடுக்கலாம்.

இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனி பாட்டில்களில் பிடித்து, ஒரே நேரத்தில் அளப்பது. அது அழுத்தம் குறைந்த பாதை. மூன்று பாட்டில்கள் ஒரே அளவாக இருந்து ஒன்று மட்டும் நிரம்பி வழிந்தால், அந்த ஒன்றுதான் அழுத்தத்தை வீணாக்குகிறது. நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. கோவையில் இன்ஜெக்டரைத் தனியே பெஞ்சில் வைத்துச் சோதிக்கும் டீசல் பட்டறைகளும் இருக்கின்றன.

மாற்றினால், புதிய இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டிய வண்டியா என்று கேளுங்கள். பதியாமல் விட்டால் புதிய பாகத்துடனே புதிய திணறலும் வரும்.

நெடுஞ்சாலையில் லாரியை முந்த மிதித்தேன். சட்டென்று சக்தி போய்விட்டது, 3,000-க்கு மேல் ஏறவில்லை. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது.

இது தற்காப்பு நிலை. கம்ப்யூட்டர் தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பார்த்து, என்ஜினைக் காப்பாற்றக் கடிவாளத்தை இழுத்துவிட்டது. துடுப்புகள் அசையும் ரக டர்போ உள்ள 90 குதிரைத்திறன் வண்டிகளில் இது அதிகம். மெதுவாகவே ஓட்டப்படும் வண்டியில் துடுப்புகளின் இடுக்கில் கரி சேர்ந்து, மூடிய நிலையில் ஒட்டிக்கொள்ளும். திடீரென்று மிதித்ததும் அழுத்தம் அளவு மீறும், பி 0234 பதிவாகும்.

டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன், துடுப்பை அசைக்கும் வாக்யூம் (வெற்றிட) குழாயையும், மின்சாரத்தால் திறந்து மூடும் அதன் சோலனாய்டு வால்வையும் பாருங்கள். கையால் இயக்கும் வாக்யூம் பம்ப்பை, துடுப்பை நகர்த்தும் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால், தண்டு தடங்கலின்றி வழுக்கி நகர வேண்டும். பம்ப்பிலுள்ள அழுத்தமானியின் முள்ளும் அசையாமல் நிற்க வேண்டும். தண்டு தட்டித் தட்டி நகர்ந்தால் துடுப்பில் கரி. முள் இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. டீசல் காரில் பிரேக் பூஸ்டருக்கும் வாக்யூம் பம்ப்தான் ஆதாரம். இழுவை குறைந்த அதே நாள்களில் பிரேக் மிதியும் கடினமானதாகத் தோன்றினால் பம்ப்பையே சந்தேகியுங்கள், ஓட்டுவதையும் நிறுத்துங்கள்.

அப்படியானால் டர்போ உண்மையிலேயே போனதென்று எப்போது நம்புவது?

உள்ளே காற்று நுழையும் குழாயைக் கழற்றி, ஆறிய என்ஜினில், டர்போவின் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் அசைவதை விரல் உணர்ந்தாலோ, இறக்கையின் முனை சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ, அதன் காலம் முடிந்தது. சைரன் போன்ற ஊளையும் விடாத நீலப் புகையும் அதன் கூடவே வரும்.

அந்த நிலையில் வண்டியை முறுக்கிச் சோதிக்காதீர்கள். டர்போ வழியாக என்ஜின் ஆயில் உள்ளே போனால், சாவியை அணைத்தாலும் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். அப்படி ஆகிவிட்டால் பிரேக்கை முழுதாக அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு என்ஜினை நிறுத்த வேண்டும். புதிய டர்போ போடுவதற்கு முன் பழையது ஏன் செத்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆயில் வரும் குழாயில் அடைப்பு இருந்தால் புதியதற்கும் அதே கதிதான்.

ஆர்பிஎம் ஏறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை.

கிளட்ச். என்ஜினைத் தொடாதீர்கள்.

என்னுடையது பெட்ரோல் டர்போ. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

காற்றுப் பக்கம் சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். டீசல் பக்கம் சொன்னதை விட்டுவிடுங்கள். 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஈக்கோபூஸ்ட் என்ஜின் வைத்த ஈக்கோஸ்போர்ட் போன்ற வண்டிகள் இப்போது வயதாகி வருகின்றன. அவற்றில் சுமையில் மட்டும் வெட்டி இழுத்தால், ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் முதல் சந்தேகம். அழுத்தம் கூடிய காற்றில் தீப்பொறி தாண்டுவது கடினம். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் அங்கே தோற்றுப்போகும்.

எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனரிலும் எல்லாம் சரி. ஆனாலும் எப்போதாவது ஒரு நொடி திணறுகிறது. இனி என்ன செய்வது?

எப்போதாவது வரும் பழுதுதான் மிகப் பொல்லாதது. முதலில் ஆக்சிலரேட்டர் மிதியைப் பாருங்கள். அதற்குள் ஒரே அசைவை அளக்கும் இரண்டு தடங்கள் உண்டு. என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, மிதியை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே ஸ்கேனரின் வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு கோடுகளும் சீராக ஏற வேண்டும். வழக்கமாகக் கால் நிற்கும் இடத்தில்தான் தடம் தேயும். அங்கே கோடு ஒரு கணம் துள்ளினால் ஆள் அகப்பட்டுவிட்டான். பி 2138 குறியீடு வருவதற்கு முன்பே இதைப் பிடித்துவிடலாம்.

அடுத்து ஒயரிங். பேட்டரியிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர்களைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிப் போடுங்கள். என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, சென்சார் ஒயர் கட்டுகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பாருங்கள். பிராக்கெட்டில் உரசி உறை தேய்ந்த இடத்துக்கு வந்ததும் என்ஜின் தும்மும். அதிலும் அகப்படாவிட்டால் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று அழுத்தமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதுவும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை. அதற்கு மேல் தொலைவிலிருந்து சொல்ல முடியாது. வண்டியைக் கொண்டுவரும்போது திணறிய நேரம், வேகம், கியர், டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, ஏசி ஓடியதா, மழையா வெயிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.